காபி இலைத்துரு: மழைக்கு முன்பே மருந்து

நாகலூர், ஏற்காடு பகுதியில் காபி வைத்திருக்கிறீர்களா? ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி விரலில் ஒட்டினால், அது இலைத்துரு நோய். இது ஒரு பூஞ்சண நோய். அரபிகா செடிகளை அதிகம் தாக்கும். இலை கொட்டும், அடுத்த வருட மகசூல் குறையும்.

"துருதானே, என்ன ஆயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். 1869-இல் இலங்கையில் இந்த நோய் தெரிந்தபோது தகுந்த மருந்து கிடையாது. சில பத்தாண்டுகளில் அங்கே காபித் தோட்டங்கள் அழிந்து, தேயிலைத் தோட்டங்களாக மாறின. இன்று நம்மிடம் போர்டோ கலவை இருக்கிறது.

எப்போது தெளிப்பது?

இந்தக் கலவை இலை மேல் பூச்சாக நின்று, பூஞ்சண வித்து முளைக்காமல் தடுக்கும். உள்ளே புகுந்துவிட்ட நோயை ஆற்றாது. வித்து முளைக்க ஈரம் வேண்டும். அதனால் "மழை வரட்டும், அப்புறம் அடிச்சுக்கலாம்" என்பது தப்புக் கணக்கு. பருவமழைக்கு முன் மே–ஜூனில் ஒரு முறை, செப்டம்பரில் மறுமுறை தெளியுங்கள்.

எப்படிக் கலப்பது? (0.5 சதவீதம், 200 லிட்டர்)

1. பிளாஸ்டிக் டிரம்மில் 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தம் கரையுங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது.
2. இன்னொரு டிரம்மில் 100 லிட்டர் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டுங்கள். தரத்தைப் பொறுத்து அரைக் கிலோ முதல் 1 கிலோ வரை தேவைப்படும்.
3. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள்.
4. பளபளப்பான இரும்புக் கத்தியைச் சிறிது நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இலை கருகும். இன்னும் சுண்ணாம்புக் கரைசல் சேருங்கள்.
5. அன்றைக்கே தெளித்து முடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நன்றாக நனைய வேண்டும். முகக்கவசம், கையுறை அவசியம்; காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள்.

கையில் இருக்கும் செல்போன்

தெளிக்கும் முன் உழவன் செயலியில் வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மழை என்றால் ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். நோய் ஏற்கெனவே பரவியிருந்தால் ஊடுருவும் மருந்து தேவைப்படலாம். கடையில் சொன்னாங்கன்னு வாங்காமல், இலையைப் போட்டோ எடுத்துக் காபி வாரிய அலுவலரிடம் காட்டுங்கள். விவசாயிகள் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம்.