சாம்பல் பனி

படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு நிமிஷ லேப். ரெக்கார்ட் நோட் எல்லாம் வேண்டாம், பயப்படாதீங்க. ஒரு வெள்ளை ஏ4 தாளை ஜன்னல் வெளிச்சத்துல வைங்க. ஃபோன் கேமராவில் ஃப்ரேம் முழுக்க அந்தத் தாள் மட்டும் தெரியுற மாதிரி ஒரு படம் எடுங்க. செட்டிங் எல்லாம் ஆட்டோவிலேயே இருக்கட்டும். இப்போ ஸ்க்ரீனையும் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. தாள் வெள்ளை. படம் அனேகமாகச் சாம்பல்.

ஃபோன் ஒண்ணும் கெட்டுப்போகலை. எதிர்ல இருக்கிறது தாளா, பனியா, எருமை மாடா என்று கேமராவோட மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும், தன் மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு நடுத்தரச் சாம்பல்னு வச்சுக்கிட்டுத்தான் அது எக்ஸ்போஷரைக் கணக்குப் போடும். ஆனா புதுசா விழுந்த பனி 90 சதவீதம் வரைக்கும் ஒளியைத் திருப்பி அனுப்பும். 90-ஐ 18-ஆல் வகுத்தா 5. கேமரா பாஷையில் ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு. 5-க்கு லாக் பேஸ் 2 போட்டா 2.3 ஸ்டாப் வரும். அவ்வளவு இருட்டாக நம்ம பனி பதிவாகுது. "பனியில எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 முதல் +2 வரை ஏத்துங்க" என்று எல்லா யூடியூப் வீடியோவிலும் சொல்றாங்களே, அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு இதுதான். முழு 2.3-ஐயும் ஏத்தினா பனி மேல இருக்கிற மேடு பள்ளமெல்லாம் வெளுத்துப்போயிடும். அதனால கொஞ்சம் முன்னாடியே நிறுத்துறாங்க. புது ஃபோன்கள் சிலது காட்சியைப் புரிஞ்சுக்கிட்டு தானாகவே சரி பண்ணிடும். உங்க படம் வெள்ளையாவே வந்திருந்தா, வாழ்த்துகள், காஸ்ட்லி ஃபோன்.

சரி, பனி கொட்டாத ஊர்ல உட்கார்ந்துகிட்டு இதெல்லாம் எதுக்கு? நம்மில் நிறைய பேரோட ஃபோனில் 'இன்ஸ்பிரேஷன்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல பாதி குளிர்காலப் படம்தான்: வெள்ளை மைதானம், நடுவுல ஒத்தை மரம். பார்த்ததும் மனசு அமைதியாகும், சேவ் பண்ணுவோம், அதோட சரி. அந்தப் படங்களில் இருந்து உண்மையில் எதை எடுத்துக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஆன்செல் ஆடம்ஸ். 1927 ஏப்ரல் 10. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் என்கிற மாபெரும் பாறைக்கு எதிரே நிற்கிறார். வயசு 25. காலண்டரில் வசந்தம், மலையில் இன்னும் பனி. அவர் எடுத்தது கண்ணாடித் தகட்டில். கையில் மிச்சம் இருந்தது ரெண்டே தகடு. முதல் தகட்டை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்த பிறகுதான் தோணுது: கண்ணால் பார்த்தது வேண்டுமானால் இதில் இருக்கும், அந்தப் பாறை எதிரில் நிற்கும்போது மனசுல வந்த கனம் இதில் வராது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார்.

இயற்பியல் சிம்பிள். சிவப்பு ஃபில்டர் நீல ஒளியைத் தடுத்துடும். அதனால கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் கிட்டத்தட்ட கறுப்பாகும். வெயில் படுற பனி வெள்ளை, அதுல எல்லா நிறமும் இருக்கு, அதனால பளிச்சுன்னு நிற்கும். பனியில் விழுகிற நிழல் மட்டும் இன்னும் கறுக்கும். ஏன்னா அந்த நிழலுக்கு வெளிச்சம் வருவதே நீல வானத்திலிருந்துதான். (கலர் படத்தில் பனி நிழல் நீலமா இருக்கிறதுக்கும் இதே காரணம். எடிட்டிங் இல்லை.) 'மோனோலித்' என்ற பெயரில் அந்தப் படம் இன்னைக்கும் பேசப்படுது. ஷட்டரை அழுத்துறதுக்கு முன்னாடியே முடிஞ்ச படத்தை மனசுல பார்த்துடறதுக்கு ஆடம்ஸ் 'விஷுவலைசேஷன்' என்று பேர் வச்சார்.

அதையே அவர் பின்னாடி ஒரு முறையாக்கினார். 1940-ஐ ஒட்டி ஃப்ரெட் ஆர்ச்சரும் அவரும் சேர்ந்து உருவாக்கிய ஜோன் சிஸ்டம். சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 10, மீட்டர் சொல்ற சாம்பல் நடுவில் 5. மீட்டர் எல்லாத்தையும் 5-ல் கொண்டுபோய் வைக்கும். பனியை 7-லா 8-லா, எங்கே வைக்கணும் என்பதை நீங்கதான் சொல்லணும். எனக்கு இது செம்ம பிடிச்ச விஷயம். மெஷின் தர்றது ஒரு ரீடிங் மட்டும்தான்.

அடுத்து வெளிச்சம். குளிர்காலப் படங்களில் நிழல் ஏன் அவ்வளவு நீளம்? ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பியேய் என்று ஒரு ஊர், அட்சரேகை சுமார் 43.5 டிகிரி வடக்கு. டிசம்பர் 21 ஒட்டி நடுப்பகலில் சூரியனின் உயரம் 90 - 43.5 - 23.5, அதாவது 23 டிகிரிதான். 10 மீட்டர் மரத்துக்குச் சுமார் 23.5 மீட்டர் நிழல். அதுவும் உச்சி வேளையில்! சென்னைக்கு அதே கணக்கு போட்டா 53.5 டிகிரி வரும், நிழல் 7.5 மீட்டருக்கும் கம்மி. நாம காலையில ஆறரைக்கு அலாரம் வச்சு எழுந்து பிடிக்கிற சாய்ந்த வெளிச்சம் அவங்களுக்கு நாள் பூரா ஓடுது. பொறாமையா இருக்குல்ல?

அந்த ஹொக்கைடோவுக்குத்தான் மைக்கேல் கென்னா போனார். 1953-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சதுர ஃப்ரேம், கறுப்பு வெள்ளை ஃபிலிம், சில சமயம் மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும் ஷட்டர். ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தா அலையும் மேகமும் கரைஞ்சு புகை மாதிரி ஆகிடும், அசையாதது மட்டும் மிஞ்சும். தன் படங்களை அவர் ஹைக்கூவோடு ஒப்பிட்டுப் பேசியிருக்கார். குஷாரோ ஏரிக்கரையில் ஒரு கிழட்டு ஓக் மரத்தைத் திரும்பத் திரும்பப் போய் எடுத்தார். ஒரே மரம், வேற வேற வருஷம். 2009-ல் அந்த மரம் வெட்டப்பட்டது. இப்போ அது அவர் படங்களில் மட்டும் இருக்கு.

பனி ஒரு ரப்பர் மாதிரி. ரோட்டை, வேலியை, வரப்பை, குப்பையை எல்லாம் அழிச்சுடும். ஃப்ரேமில் எதைச் சேர்க்கலாம் என்று நாம மண்டையைக் குழப்பிக்கிறப்போ, குளிர்காலம் பாதி வேலையை முடிச்சுக் கொடுத்துடுது. கென்னா படங்களைப் பார்த்துக் கத்துக்க வேண்டியது அந்தக் கழித்தல்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனா அழிஞ்சது போல இருக்கிறது எதுவும் உண்மையில் அழியலை. மறுபடி பியேய்க்கு வாங்க. அங்கே 'தத்துவ மரம்' என்று ஒரு பாப்லர் மரம் இருந்தது. தலையைச் சாய்ச்சு யோசிக்கிற மாதிரி ஒரு பக்கமா சாய்ஞ்சு நிற்கும். கென்னாவும் எடுத்திருக்கார், அவரைத் தவிர ஆயிரக்கணக்கான பேரும் எடுத்திருக்காங்க. படத்தில் பார்த்தா அது யாருமில்லாத வெள்ளை வெளி. நிஜத்தில் அது ஒரு விவசாயியோட நிலம். ஹொக்கைடோவில் கோதுமையை இலையுதிர்காலத்திலேயே விதைச்சுடுவாங்க, குளிர்காலம் முழுக்கப் பயிர் பனிக்கடியில் கிடக்கும். நல்ல ஆங்கிள் தேடி யாராவது உள்ளே நடந்தா, மிதிபடுறது பயிரோட தலை. ஷூவில் ஒட்டி வர்ற மண்ணோட பயிர்நோயும் வரலாம் என்ற பயம் வேற. உள்ளே வராதீங்கன்னு போர்டு வச்சும் ஆட்கள் வந்துகிட்டே இருந்தாங்க. மரத்துக்கும் வயசாகிடுச்சு. 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரர் மரத்தையே வெட்டிட்டார்.

அவர் மேல எனக்குக் கோபம் வரலை. வயலில் பத்து பேர் ட்ரைபாடோட நின்னா எந்த விவசாயி சும்மா இருப்பார்? 2025 ஜனவரியிலும் அதே ஊரில் சாலையோரம் சுமார் 40 வெள்ளை பிர்ச் மரங்களை வெட்டினாங்க. பயிருக்கு நிழல் விழுதுங்கிறது ஒரு காரணம், ஃபோட்டோ எடுக்க வர்ற கூட்டம் இன்னொரு காரணம்.

அதனால ஃபோல்டரில் இருக்கிற படத்தைப் பார்த்து "இந்த ஸ்பாட் எங்கே?" என்று கேட்கிறதுக்குப் பதிலா வேற சில கேள்விகளைக் கேளுங்க. இதுல எதையெல்லாம் விட்டிருக்காங்க? வெள்ளையை எந்தப் படியில் வச்சிருக்காங்க? நிழல் எந்தப் பக்கம் விழுது, அப்போ சூரியன் எங்கே? இந்தக் கேள்விகளுக்கு ஃப்ளைட் டிக்கெட் வேண்டாம்.

தமிழில் மூடுபனிக்கும் பனி, ஸ்னோவுக்கும் பனி. அந்த வார்த்தையில் ஒரு வசதி இருக்கு. மார்கழி காலையில் கிரவுண்டை மூடுற பனியும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்: தூரத்துக் கட்டடத்தை அழிக்கும், மீட்டரை ஏமாத்தும். ஆட்டோவில் எடுத்தா அழுக்குச் சாம்பலாத்தான் வரும். ஸ்க்ரீனைத் தொட்டு, பக்கத்தில் வர்ற சூரியன் குறியை மேலே இழுங்க. +1 போதும், ஸ்னோ அளவுக்கு மூடுபனி வெளிச்சமா இருக்காது. ஒரே ஒரு பொருளை மட்டும் ஃப்ரேமில் விடுங்க: ஒரு கோல்போஸ்ட், ஒரு வேப்பமரம், சைக்கிளில் வர்ற வாட்ச்மேன் அண்ணா. (அவர்கிட்ட கேட்டுட்டு எடுங்க.) அதே இடத்துக்கு அடுத்த நாளும் போங்க, அதுக்கடுத்த நாளும்.

வாரத்துக்கு ஒரு படம், நாலு வாரம், ஒரே இடம். நாலையும் சேர்த்து அடுத்த இதழுக்கு அனுப்புங்க. ஃபில்டர் போடலாம், ஆனா ஏன் போட்டீங்கன்னு ஒரு வரி எழுதணும். லொகேஷன் டேக் வேண்டாம்.