நினைப்பையும் பங்கு போடு

கண்ணு, ஜூனில் பெரியவளை எல்கேஜியில் சேர்க்கிறாய், சின்னவனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்கும் திரும்புகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் இந்தப் பெரியம்மா. நான் சொல்வதில் உனக்கு ஆகிறதை எடுத்துக்கொள்.

1. வேலையைப் பங்கு போட்டால் போதாது, நினைப்பையும் பங்கு போடு. "சொன்னா எல்லாம் செய்வார் பெரியம்மா" என்று மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாயே, அந்தச் 'சொன்னா'வில்தான் பாரமே இருக்கிறது. உன் பெரியப்பாவும் அப்படித்தான். காய் வாங்குவார், கியூவில் நிற்பார். ஆனால் எது என்றைக்கு என்பது முழுக்க என் மண்டைக்குள் ஓடும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருக்கோ டிரங்க் கால் இணைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே 'நாளைக்குத் தடுப்பூசி, அரிசி தீர்ந்துபோச்சு' என்று இன்னொரு லைன் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் தடுப்பூசி அட்டையை அவர் கையில் கொடுத்து, "இனி இது உங்களோடது, நான் ஞாபகப்படுத்த மாட்டேன்" என்றேன். முதல் தடவை ஒரு வாரம் தள்ளித்தான் போனார். நர்ஸ் அம்மாவிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. ஐந்து வயதில் போடும் ஊசி எனக்கு நினைவே இல்லை, அவர்தான் அழைத்துப்போனார். கொடுத்த வேலையைப் பின்னாலேயே போய்ச் சரிபார்க்காதே. அந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2. மாதக் காலண்டர் ஒன்றைச் சமையலறையில் மாட்டு. பால் கணக்கு, கேஸ் புக் பண்ணிய தேதி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், பள்ளி விடுமுறை, குலதெய்வக் கோயில் பயணம் எல்லாம் அதில் ஏறட்டும். போனில் குறித்தால் உனக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் இருந்தால் காபி ஆற்றுகிறவர் கண்ணிலும் படும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் நின்று வரும் வாரத்தை ஒருதரம் வாய்விட்டுப் படியுங்கள்.

3. யூனிபார்ம், ஷூ, தண்ணீர் பாட்டில், டைரியில் கையெழுத்து எல்லாம் ராத்திரியே முடியட்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

4. மழை லீவுக்குச் செப்டம்பரிலேயே முடிவெடு. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கலெக்டர் அறிவிப்பு விடியற்காலையில்கூட வரும். டிபன் கட்டியாகியிருக்கும், குழந்தை யூனிபார்மில் நிற்கும். அப்போதுதான் "உன் ஆபீஸ் பெரிசா, என் ஆபீஸ் பெரிசா" என்ற பேச்சு தொடங்கும். எங்கள் வீட்டில் அது வருஷாவருஷம் நடந்தது. பிறகுதான் முதல் மழை லீவு அவருக்கு, அடுத்தது எனக்கு என்று முறை வைத்தோம். காய்ச்சல் நாளுக்கும் அதே கணக்குதான். காய்ச்சலோடு இருக்கிற பிள்ளையைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க மாட்டார்கள், அது நியாயமும்கூட.

5. உரிமையைக் கேட்டு வாங்கு. எங்கள் காலத்தில் மத்திய அரசு ஊழியருக்கே பிரசவ விடுப்பு 90 நாள்தான். மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வந்து, ரவிக்கை நனைந்து, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு எக்ஸ்சேஞ்ச் போர்டு முன்னால் உட்கார்ந்திருப்போம். யாரிடம் போய்ச் சொல்வது? 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் என்று ஆகியிருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். உன் ஆபீஸில் அது எங்கே இருக்கிறது என்று சேருகிற முதல் நாளே கேள். அதைச் சலுகை கேட்கிற குரலில் கேட்காதே.

6. சனிக்கிழமையைச் சும்மா விடு. அபாகஸ், இந்தி, பரதம், நீச்சல் என்று எதிர்வீட்டுப் பிள்ளை போகிற எல்லாவற்றுக்கும் உன் பிள்ளையும் போக வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே தூங்கிவிடுகிறது, பார்த்திருக்கிறேன். ஒரு வகுப்பு போதும், அதுவும் அவள் கேட்டால்.

7. சமையலில் வீராப்பு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாவரைத்தால் திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புளித்த பிறகு வெங்காயம் போட்ட ஊத்தப்பம். தயிர்சாதமும் ஊறுகாயும் வைத்த நாளில் எந்தப் பிள்ளையும் இளைத்ததில்லை. சொந்தக்காரர்கள் ஏதாவது குறை சொல்வார்கள். அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

8. உன் மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரிய புண்ணியம், ஆனால் அவர் உன் வீட்டு ஷிப்ட் ஆள் இல்லை. என் மாமியார் ஒரு வார்த்தை முகம் சுளித்ததில்லை. ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அது எனக்குப் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. எனக்குக் கேட்கவே தோன்றவில்லை பார். வாரத்தில் ஒரு நாளாவது அவர் பேரில் லீவு என்று காலண்டரில் எழுது. அவர் கோயிலுக்குப் போனாலும் சரி, கால் நீட்டிப் படுத்தாலும் சரி.

9. பள்ளி திறக்கும் முதல் வாரம் நான் வந்து தங்குகிறேன். பெரியவளின் டிபன் டப்பா என் பொறுப்பு. ஆனால் என் பொறுப்பு என்றால் அதற்குள் என்ன வைப்பது என்பதும் என் இஷ்டம்தான். மூடியைத் திறந்து பார்க்கிற வேலை வைத்துக்கொள்ளாதே.