தடைப்பட்டியல் நீண்டால் பிள்ளைகள் பத்திரமா?

பள்ளிக் கணினியில் எத்தனை தளங்களை முடக்குகிறோமோ, பிள்ளைகள் அத்தனைக்குப் பத்திரம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்து நைனார்பாளையம் போன்ற ஊர்களில் பெற்றோர் அப்படி நினைப்பது இயல்புதான். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்குப் பெரிய திரையில் இணையம் திறப்பது அரசுப் பள்ளியின் ஹைடெக் லேபில். ஆனால் அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. பள்ளிகளும் நூலகங்களும் பயன்படுத்திய வடிகட்டி மென்பொருள்களை அமெரிக்காவின் கைசர் குடும்ப அறக்கட்டளை 2002-இல் சோதித்தது. மிகத் தளர்வான நிலையில் அவை ஆபாசத் தளங்களில் 87 விழுக்காட்டைத் தடுத்தன. உடல்நலத் தளங்களில் தவறுதலாகச் சிக்கியவை 1.4 விழுக்காடு மட்டுமே. மிகக் கடுமையான நிலைக்கு மாற்றியதும் ஆபாசத் தடுப்பு 91 விழுக்காடானது. முடங்கிய உடல்நலத் தளங்களோ 24 விழுக்காடாகப் பெருகின. கூடுதலாகக் கிடைத்த காவல் சொற்பம், பறிபோனது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மாதவிடாய் பற்றியும் இளவயதுக் கர்ப்பத்தின் ஆபத்து பற்றியும் வீட்டில் கேட்கக் கூசும் கல்வராயன் மலைப் பெண்பிள்ளைக்கு இது சின்ன இழப்பு அல்ல.

ஒரு தளத்தில் தவறானது ஒன்று இருந்தால் தளத்தையே மூடிவிடலாம் என்பது இதே நம்பிக்கையின் இன்னொரு கிளை. நம் மாநிலத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. 2012-இல் ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை மொத்தமாக மூடின. அந்த ஆண்டு ஜூனிலேயே, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அப்படியும் 2017 ஆகஸ்டில், இந்திப் படங்களுக்காகப் பெற்ற உத்தரவுகளில் 2,600-க்கும் மேற்பட்ட முகவரிகளோடு இன்டர்நெட் ஆர்கைவும் அடைபட்டது. கடையில் கிடைக்காத பழைய தமிழ் நூல்கள் ஏராளமாக ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கும் இடம் அது. யூடியூபையும் இப்படித்தான் மூடச் சொல்கிறார்கள். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் அங்கேதான் இருக்கின்றன. யூடியூபின் கட்டுப்பாட்டு முறையையும் கூகுளின் பாதுகாப்பான தேடலையும் பள்ளி நெட்வொர்க் முழுவதற்கும் கட்டாயமாக்க வழி இருக்கிறது. அதில் குறைகள் உண்டு, ஆனால் பாடம் பறிபோகாது.

லேப் நிறையப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஒரே ஆசிரியர், இதில் நுணுக்கம் பார்க்க நேரமேது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆபாசம், ஆன்லைன் சூதாட்டம், வைரஸ் பரப்பும் தளங்கள் மூன்றையும் தயங்காமல் அடைக்கலாம். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மற்றவற்றில், தவறாக அடைபட்டதை அந்தப் பாடவேளையிலேயே திறக்கும் அதிகாரம் அந்த ஆசிரியருக்கு வேண்டும். அனுமதிக்குச் சென்னையைக் கேட்டுக் காத்திருந்தால் வகுப்பு முடிந்துவிடும். திறந்துவிட்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்பவர்கள், பள்ளித் தடை பள்ளி வாசலோடு முடிந்துவிடுவதை மறக்கிறார்கள். 2022 ஜூலையில் பக்கத்துக் கனியாமூரில் தனியார் பள்ளி ஒன்றில் நடந்த வன்முறைக்கு ஆள் சேர்த்தவை வாட்ஸ்அப் குழுக்கள். அந்தச் செய்திகள் வந்தது கைப்பேசியில். வந்த செய்தி உண்மையா என்று சோதிக்கும் பழக்கத்தை எந்தத் தடைப்பட்டியலும் தராது. ஆசிரியர் அருகில் இருக்க, திறந்த தளத்தில்தான் அதைப் பழக்க முடியும்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் லேபில் எவை அடைக்கப்பட்டுள்ளன, ஏன், யார் திறக்கலாம் என்று கேளுங்கள்.