மனப்பாடம் மட்டுமா சட்டப் படிப்பு?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். ஐந்து வருஷமும் சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதுதான் படிப்பா?

பதில்: இல்லவே இல்லை. பி.ஏ., எல்எல்.பி. என்றால் அரசியல், பொருளாதாரம், சமூகவியலும் உண்டு. கூடவே 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். பஸ்ஸில் டிக்கெட் வாங்குவதும் ஒப்பந்தம்தான் என்று புரிகிற நாளில் பாடம் பிடித்துப்போகும். அரசியலமைப்பு, குடும்பச் சட்டம் எல்லாம் அடுத்தடுத்து வரும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதையும் படிக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது மாதிரி நீதிமன்றமும் மனு எழுதும் பயிற்சியும். ஒரே வழக்கில் இன்று வாதிக்காகவும் நாளை பிரதிவாதிக்காகவும் பேச வேண்டியிருக்கும். மனுவில் ஒரு தேதி பிசகினாலும் வழக்கு ஆட்டம் காணலாம். நீண்ட தீர்ப்புகளைப் பொறுமையாக வாசிக்க மகளுக்குப் பிடிக்குமென்றால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.