கெமரா வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

திருமண வைபவங்கள், பாடசாலை விழாக்கள், கடைகளின் இணைய விற்பனை என்று புகைப்படத்துக்கும் வீடியோவுக்குமான தேவை பெருகியிருக்கிறது. போட்டோ பிரதி நிலையமும் அச்சகமும் நடத்தி வந்தவர்கள்கூட இத்துறையில் முதலிட யோசிக்கின்றனர். இவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எந்தக் கெமரா நல்லது?"

வியாபாரி ஒருவர் இந்தக் கேள்வியோடு தொடங்கக் கூடாது. லொறி வாங்குபவர் எந்த லொறி அழகானது என்று கேட்பதில்லை. என்ன சுமை, எந்தப் பாதை, மாதத்துக்கு எத்தனை ஓட்டம் என்றுதான் கணக்குப் பார்ப்பார். கெமராவும் கணினியும் அப்படித்தான். படம் பிடிப்பது முதல் வாடிக்கையாளரின் கையில் ஒப்படைப்பது வரை இத்தொழில் ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும் மற்றவற்றுக்குக் கொட்டிய பணம் வீண். கையிலுள்ள முதலை அந்தச் சங்கிலி முழுவதற்கும் எப்படிப் பங்கிடுவது என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலை எது என்பதை முதலில் எழுதுங்கள்

பேருவளை சீனன்கோட்டையில் இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு இலட்சக்கணக்கில் விலையுள்ள கெமரா தேவையில்லை. அவருக்குத் தேவை பொருளை அதன் உண்மையான அளவில் பதிவு செய்யும் மெக்ரோ லென்ஸ், அசையாத ட்ரைபொட், நிறத்தைச் சரியாகக் காட்டும் வெளிச்சம் ஆகியவை. எல்.ஈ.டி. விளக்கு வாங்கும்போது அதன் சி.ஆர்.ஐ. அளவு 95 அல்லது அதற்கு மேல் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மலிவான விளக்கில் நீலக்கல்லின் நிறம் மாறித் தெரியும். படத்தில் ஒரு நிறம், கையில் வேறு நிறம் என்றால் கல் திரும்பி வரும். கூடவே நம்பிக்கையும் போய்விடும்.

புடவைக் கடை, பாதணிக் கடை வைத்திருப்பவர் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவதற்கு மட்டும் படம் எடுப்பதானால், கையிலுள்ள நல்ல ஸ்மார்ட் போனே போதும். ஒரு ட்ரைபொட்டுக்கும் இரண்டு விளக்குகளுக்கும் வெள்ளைப் பின்னணிக்கும் செலவிட்டால் போதுமானது.

திருமண நிகழ்வுகளை எடுக்க விரும்புபவரின் நிலை வேறு. மங்கலான வெளிச்சம், நீண்ட நேரப் பதிவு, திரும்பக் கிடைக்காத தருணங்கள். இங்கேதான் தரமான கருவிகளில் முதலிட வேண்டியுள்ளது. இனி வருபவை பெரும்பாலும் இவர்களுக்கானவை.

மெகாபிக்சல் மயக்கம்

கடைக்காரர் முதலில் சொல்லும் இலக்கம் மெகாபிக்சல். ஆனால் 12க்கு 18 அங்குல அல்பப் பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட 3600 x 5400 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 19.4 மெகாபிக்சல் போதும். 24 மெகாபிக்சல் கெமரா அதற்குத் தாராளம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு படமும் பெரிதாகி, மெமரி கார்ட், வன்தட்டு, கணினி எல்லாவற்றுக்கும் செலவு கூடும்.

மெகாபிக்சலை விட நீங்கள் கேட்க வேண்டியவை நான்கு.

1. மெமரி கார்ட் இரண்டு போட முடியுமா? நிக்காஹ் ஒருமுறைதான் நடக்கும். கார்ட் பழுதானால் மீண்டும் எடுக்க முடியாது. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் வசதி இருந்தால் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. 2018இல் வெளிவந்த கெனன் ஈ.ஓ.எஸ். ஆர், நிக்கோன் இசட் 6 இரண்டிலும் ஒரு கார்ட் மட்டுமே போடலாம். அதே ஆண்டில் வந்த சோனி ஏ7 3இல் இரண்டு இடங்கள் இருந்தன. 2020இல் வந்த கெனன் ஆர் 6, நிக்கோன் இசட் 6 2 ஆகியவற்றில் இக்குறை நீக்கப்பட்டது. பாவித்த கெமரா வாங்குபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

2. தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் பதியும்? பழைய மாதிரிகள் பலவற்றில் வீடியோப் பதிவு 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடத்துக்கு மேல் பதியும் கெமராக்களுக்கு ஐரோப்பாவில் இருந்த சுங்க வரியைத் தவிர்க்க வைக்கப்பட்ட எல்லை அது. நிக்காஹ் பிரசங்கத்தின் நடுவில் கெமரா நின்றுவிட்டால் எந்த விளக்கமும் எடுபடாது.

3. சூடாகி நிற்குமா? 2020இல் வந்த கெனன் ஆர் 5 உயர்தர வீடியோவைப் பதியும்போது சூடேறி நின்றுவிடுவது உலகெங்கும் பேசப்பட்டது. குளிரூட்டி இல்லாத மண்டபங்களில் வேலை செய்யும் நமக்கு இது முக்கியம். வாங்குமுன் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள்.

4. 25 பிரேம் வேகத்தில் பதியுமா? நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். வீடியோவை 25 அல்லது 50 பிரேமிலும் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்ற அளவிலும் வைத்தால் மண்டப விளக்குகளின் சிமிட்டல் வெகுவாகக் குறையும். ஜப்பான் சந்தைக்கென்று செய்யப்பட்டவற்றை வாங்கும்போது மேலும் கவனம் தேவை. அங்கு விற்கப்பட்ட சோனி மாதிரிகள் பலவற்றில் ஜப்பானிய மொழி மெனு மட்டுமே உண்டு.

லென்ஸ், வெளிச்சம், ஒலி

கெமரா உடலின் விலை சில வருடங்களில் இறங்கிவிடும். நல்ல லென்ஸ் பெறுமதியைக் கூடுதல் காலம் தாங்கும். எஃப் 5.6 லென்ஸை விட எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. விளக்குக் குறைந்த மண்டபத்தில் புதிய உடலை விட இதுவே படத்தைக் காப்பாற்றும். சிறு முதலுடன் தொடங்குபவர் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கினால் குறைந்த விலையில் நிறைந்த பயன் பெறலாம்.

ஒலியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. படம் சற்று மங்கினால் வாடிக்கையாளர் பொறுப்பார். ஈஜாப், கபூல் வார்த்தைகள் கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார். உடையில் பொருத்தும் வயர்லெஸ் மைக் ஒன்று அவசியம்.

நம் நாட்டு ஈரப்பதத்தில், குறிப்பாகக் கரையோர ஊர்களில், லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். 40 முதல் 50 வீத ஈரப்பதத்தில் வைக்கும் உலர் பெட்டி ஒன்று லென்ஸ்களின் ஆயுளைக் கூட்டும். தோல் பைக்குள் அலுமாரியில் பூட்டி வைப்பது லென்ஸைக் கெடுப்பதற்கான வழியாகும்.

ஒரு திருமணத்துக்கு எவ்வளவு இடம்?

இனி வருவது பலர் போடாத கணக்கு. 4கே வீடியோவை வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் வினாடிக்கு 12.5 மெகாபைட். நிமிடத்துக்கு 750 மெகாபைட். ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜீபி. இரண்டு கெமராக்கள் மும்மூன்று மணித்தியாலம் ஓடினால் 270 ஜீபி. 30 மெகாபைட் வீதம் 1500 புகைப்படங்களுக்கு 45 ஜீபி. ஆக ஒரு திருமணத்துக்கு 315 ஜீபி.

மாதத்துக்கு நான்கு திருமணம் என்றால் 1260 ஜீபி. இரண்டு பிரதி வைத்தால் 2520 ஜீபி. ஒரு வருடத்துக்கு 30 டெராபைட்டைத் தாண்டும்! எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்க முடியாது. எனவே முற்பணம் வாங்கும்போதே, "மூலப் பதிவுகள் ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதம் மட்டுமே பாதுகாக்கப்படும்" என்பது போன்ற நிபந்தனையைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். பின்னாளில் வரும் பிணக்கு இதனால் தவிர்க்கப்படும்.

பாதுகாப்புக்கு 3-2-1 என்ற விதியைப் பின்பற்றலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய விதி இது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். கடையில் தீப்பிடித்தாலும் வெள்ளம் புகுந்தாலும் வீட்டிலுள்ள பிரதி காப்பாற்றும். இரண்டாவது பிரதி சரியாகத் திறக்கிறது என்று பார்க்கும் வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது.

கார்ட் வாங்கும்போது அதிலுள்ள வி30 என்ற குறி வினாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பதைக் குறிக்கும். மேலே சொன்ன 4கே பதிவுக்கு அதுவே போதும். வி90 கார்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் போலிக் கார்டுகள் சந்தையில் உள்ளன. வாங்கியவுடன் முழுக் கொள்ளளவும் உண்மையா எனச் சோதிக்கும் இலவச மென்பொருளால் பரிசோதியுங்கள்.

கணினி: கெமராவுக்கு ஏற்ற துணை

கெமரா வாங்கிய பின் மிஞ்சிய பணத்தில் கணினி வாங்குவது பரவலான வழக்கம். பிறகு வீடியோ தட்டித் தட்டி ஓடும். ஒரு திருமணத்தை வெட்டி ஒட்ட மேலதிகமாக 6 மணித்தியாலம் எடுக்கும். மாதம் நான்கு திருமணத்துக்கு 24 மணித்தியாலம். மூன்று வேலை நாட்கள் வெறுமனே காத்திருப்பதில் கழிகின்றன.

இதற்குக் காரணம் பெரும்பாலும் கெமரா பதியும் வடிவம். புதிய கெமராக்கள் எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கிப் பதிகின்றன. சுருக்கியதை விரிக்கக் கணினிக்குத் தனி வசதி வேண்டும். குறிப்பாக 10 பிட் 4:2:2 என்ற தரத்தை விரிக்கும் வசதி இன்டெல் பிரொசசர்களில் 11ஆம் தலைமுறையிலிருந்தும், அப்பிள் கணினிகளில் 2020இல் வந்த எம்1இலிருந்தும் உண்டு. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் 2025இல் வந்த 50 வரிசையில்தான் இது சேர்க்கப்பட்டது. ஆகவே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் கெமராவில் பதிந்த வீடியோவைக் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள்.

ரெம் 32 ஜீபி நல்லது. 16 ஜீபியை விடக் குறையக் கூடாது. அப்பிளின் எம் வரிசைக் கணினிகளில் பின்னர் ரெம் கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். வேலை நடக்கும் பதிவுகளை எஸ்.எஸ்.டி.யிலும், முடிந்தவற்றை சாதாரண வன்தட்டிலும் வையுங்கள். திரை ஐ.பி.எஸ். வகையாக, எஸ்.ஆர்.ஜி.பி. நிறத்தை முழுமையாகக் காட்டுவதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் திரையில் சரியாகத் தெரிந்த முகம் அல்பத்தில் சிவந்து வரும்.

கணினி பழையதாக இருந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. எடிட்டிங் மென்பொருளில் "ப்ரொக்ஸி" எனும் சிறிய பிரதியை உருவாக்கி வெட்டி ஒட்டி, இறுதியில் மூலப் பதிவிலிருந்து வெளியிடலாம். டாவின்சி ரிசோல்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பே சிறு தொழிலுக்குப் பெரிதும் உதவும். களவாகப் பிரதி செய்த மென்பொருள்களுடன் வரும் வைரஸ், வாடிக்கையாளரின் பதிவுகளை ஒரே இரவில் முடக்கிவிடக் கூடும். யூ.பி.எஸ். ஒன்றும் கட்டாயம் தேவை. 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாவித்தது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பூஞ்சணம் பாருங்கள். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை அறிந்துகொள்ளுங்கள். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துச் சென்சரில் புள்ளிகள் உண்டா எனப் பாருங்கள். உத்தரவாதம் உள்நாட்டு முகவருடையதா, கடைக்காரருடையதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

முதலைப் பங்கிடும் விதம்

உதாரணமாக, கையில் 10 இலட்சம் ரூபா இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கெமரா உடல் - 3 இலட்சம்
லென்ஸ்கள் - 2 இலட்சம்
விளக்கு, மைக், ட்ரைபொட் - 1 இலட்சம்
கார்ட், பெட்டரி, உலர் பெட்டி - 70 ஆயிரம்
கணினியும் திரையும் - 2 இலட்சத்து 50 ஆயிரம்
வன்தட்டுகள், யூ.பி.எஸ். - 80 ஆயிரம்

விலைகள் டொலரோடு ஏறி இறங்கும். விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனித் தேய்மானம். நான்கு வருடத்தின் பின் இவற்றை 2 இலட்சத்துக்கு விற்கலாம் எனக் கொண்டால், 8 இலட்சம் 48 மாதத்தில் கரைகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 16,700 ரூபா. நான்கு வேலை கிடைத்தால் ஒரு வேலைக்கு 4,200 ரூபா. இரண்டே கிடைத்தால் 8,350 ரூபா. இதைக் கட்டணத்தில் சேர்க்காதவர் இலாபம் என்று எண்ணிச் செலவழிப்பது தன் முதலையேயாகும். வேலை உறுதியாகும் முன் கடன்பட்டு வாங்காமல், முதல் சில நிகழ்வுகளுக்குக் கருவிகளை வாடகைக்கு எடுத்துச் சந்தையை அறிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

அமானிதம்

கடைசியாக, கருவியை விடப் பெரிய விடயம் ஒன்றுண்டு. ஒரு குடும்பத்தின் பெண்கள் பகுதிப் படங்கள் உங்கள் கணினியில் இருக்கின்றன. அழித்த படங்களையும் மென்பொருளால் மீட்க முடியும் என்பதை நினைவிற்கொள்ளுங்கள். கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது வன்தட்டைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள். பழைய கார்டையோ வன்தட்டையோ முழுமையாக மேலெழுதாமல் விற்காதீர்கள். வெளி வன்தட்டுகளுக்குக் கடவுச்சொற் பூட்டுப் போடுங்கள். விளம்பரத்துக்காக ஒரு படத்தையும் அனுமதியின்றி வெளியிடாதீர்கள். பெண்கள் பகுதிக்குப் பயிற்சி பெற்ற பெண் ஒருவரை அமர்த்தி, அப்படங்களை எடிட் செய்யும் பொறுப்பையும் அவரிடமே விட்டால் உங்களை நாடி வரும் குடும்பங்கள் கூடும்.

நல்ல கெமரா பக்கத்துக் கடைக்காரரிடமும் இருக்கலாம். குறித்த நாளில் ஒப்படைப்பார், ஒரு படமும் தொலையாது, ஒரு படமும் வெளியே போகாது என்ற பெயர்தான் உங்களுக்கு அடுத்த திருமணத்தைக் கொண்டுவரும். அந்தப் பெயரைக் காக்கும் பொருட்களுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள். மிகுதியில் எந்தக் கெமரா என்பதைத் தீர்மானியுங்கள்.