இருகாரணச் சோதனையில் முதன்மை விளைவு

பயிர்ச் சோதனையில் காரணங்கள் பலவற்றை ஒருங்கே ஆராய்தல் நன்றென, இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்திலிருந்த அறிஞர் பிஷர் 1926-ஆம் ஆண்டில் எழுதினார். அம்முறையில் முதன்மை விளைவைக் காணுமாறு கூறுவாம்.

உரமிடாத பாத்தியில் 20 படி, தழைச்சத்து மட்டும் இட்டதில் 30, சாம்பற்சத்து மட்டும் இட்டதில் 24, இரண்டும் இட்டதில் 42 படி நெல் விளைந்ததாகக் கொள்வோம். தழைச்சத்து இட்டவற்றின் சராசரி 36. இடாதவற்றின் சராசரி 22. இவற்றின் வேற்றுமையாகிய 14 படியே அதன் முதன்மை விளைவு. இவ்வாறே சாம்பற்சத்திற்கு 33-இல் 25 போக 8.

ஆயினும், சாம்பற்சத்து இல்லாவிடத்துத் தழைச்சத்தால் மிகுந்தது 10 படியே, உள்ளவிடத்து 18. பதினான்கை நம்பித் தழைச்சத்து மட்டும் வாங்கும் உழவன் ஏமாறுவான். ஆதலின், ஒன்றன் பயன் மற்றொன்றைச் சார்ந்து நிற்குமிடத்து, முதன்மை விளைவை மட்டும் கூறி அமைதல் முறையன்று.