கண்ட்ரோல்-சி அழுத்தியும் நிரல் நிற்கவில்லையா?

பைத்தானில் கண்ட்ரோல்-சி அழுத்தினால், அந்தக் குறுக்கீடு பிரதான த்ரெட்டுக்கு மட்டுமே போய்ச் சேரும். பின்னணியில் ஓடும் த்ரெட்டுக்கு அது தெரியவே தெரியாது. டீமன் அல்லாத த்ரெட் முடியும்வரை பைத்தானும் வெளியேறாமல் காத்திருக்கும்.

முதலில், நிற்காதது எது என்று கண்டுபிடியுங்கள். த்ரெட்களுக்குப் பெயர் வைத்து, 'த்ரெடிங்.எனுமரேட்' மூலம் இன்னும் ஓடுபவற்றை அச்சிட்டுப் பாருங்கள். எந்த வரியில் மாட்டியிருக்கிறது என்பதை 'ஃபால்ட்ஹேண்ட்லர்' காட்டிவிடும். பெரும்பாலும் அது நீண்ட ஸ்லீப்பாக, காலியான கியூவில் காத்திருக்கும் 'கெட்' ஆக, அல்லது நேர வரம்பில்லாத சாக்கெட்டாக இருக்கும்.

ஸ்லீப் 60 என்று எழுதிய இடத்தில் ஓர் 'ஈவென்ட்' வைத்து, அதன் 'வெயிட்' 60 என்று மாற்றுங்கள். பிரதான த்ரெட் 'செட்' சொன்னதுமே பின்னணி த்ரெட் விழித்துக்கொள்ளும். அறுபது நொடி காத்திருக்க வேண்டாம். அதன் சுழல் அங்கேயே முடியட்டும், பிறகு பிரதான த்ரெட்டிலிருந்து 'ஜாயின்'. கியூவுக்கும் சாக்கெட்டுக்கும் டைம்அவுட் கொடுங்கள்.

பின்னணி த்ரெட்டை 'டீமன்' ஆக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். கோப்பில் எழுதும் த்ரெட்டுக்கு மட்டும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எழுத்து பாதியில் அறுந்துபோகலாம்.

இன்னொன்று: பிரதான சுழலுக்குள் வகை குறிப்பிடாத 'எக்ஸெப்ட்' இருந்தால், குறுக்கீட்டையே அது விழுங்கிவிடும்.